கடல் உள்வாங்கினால்தான் சுனாமியா? காரணம், கிடைக்கும் நேரம், செய்ய வேண்டியவை

#1 உப்பளம்

ராமேஸ்வரத்தில் கடல் உள்வாங்கியது, திருச்செந்தூரில் பாறை வெளியே தெரிந்தது என்று அடிக்கடி செய்தி வருகிறது. அடுத்த அரை மணியில் வாட்ஸ்அப்பில் "சுனாமி வருது, கரையை விட்டுக் கிளம்புங்க" என்று குரல்பதிவு சுற்றும். ஒன்றும் நடக்காது. நாலு தடவை இப்படி ஆனால் ஐந்தாம் தடவை யாரும் அசைய மாட்டார்கள்.

கடல் உள்வாங்குவது நிஜமாகவே சுனாமிக்கு அடையாளமா? உள்வாங்காமலும் வருமா? நாகை, கடலூர், சென்னைக் கரையில் இருப்பவருக்குக் கையில் எவ்வளவு நேரம்? காரணத்தோடு சொல்லுங்கள். "உயரமான இடத்துக்குப் போங்கள்" என்ற ஒற்றை வரி வேண்டாம்.

#2 அலைமானி

முதலில் 2004 டிசம்பர் 26 எப்படி நடந்தது என்று பார்த்துவிட்டால் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

இந்தியத் தட்டு (பூமியின் மேலோட்டுப் பாறைப் பலகைகளில் ஒன்று), சுமத்ரா–அந்தமான் பக்கம் உள்ள பர்மா தட்டுக்கு அடியில் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் நுழைகிறது. இரண்டும் உரசிப் பூட்டிக்கொண்ட இடத்தில் மேல்தட்டின் விளிம்பும் கீழே இழுபடும். நூற்றாண்டுகள் சேர்ந்த இறுக்கம் அன்று இந்திய நேரம் காலை 6:29 அளவில் விட்டது. நிலநடுக்கத்தின் அளவு 9.1. முறிவு சுமத்ராவில் தொடங்கி வடக்கே அந்தமான் வரை 1,200 கி.மீ.க்கு மேல் ஓடியது. அது ஓடி முடியவே 8 முதல் 10 நிமிடம் ஆயிற்று. சில இடங்களில் நழுவல் 15 மீட்டரைத் தாண்டியது.

கவனிக்க வேண்டியது இதுதான்: பூட்டு விட்டதும் ஆழ்கடல் அகழியை ஒட்டிய மேற்கு விளிம்பு மேலே எம்பியது. அதற்குக் கிழக்கே இருந்த பகுதி தாழ்ந்தது. மேலிருந்த கடல்நீரும் அதே வடிவம் எடுத்தது, மேற்கில் மேடாக, கிழக்கில் பள்ளமாக. எனவே கிழக்கே தாய்லாந்து பக்கம் போன அலையில் பள்ளம் முதலில் வந்தது, கடல் உள்வாங்கியது. மேற்கே இலங்கை, தமிழ்நாடு பக்கம் வந்த அலையில் மேடு முதலில் வந்தது. நம் கிழக்குக் கரையின் அலைமட்ட மானிகளில் பதிவான முதல் அசைவு ஏற்றம்தான்.

அப்படியானால் நம் பக்கக் கடற்கரைகளில் கடல் வற்றிக் கிடக்கும் அந்தப் படங்கள்? முதல் அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவில் எடுத்தவை. இலங்கையில் களுத்துறையைச் செயற்கைக்கோள் எடுத்த புகழ்பெற்ற படமும் முதல் அலை வந்து போன பிறகானதே.

ஆக, சோழமண்டலக் கரையில் "கடல் உள்வாங்கட்டும், பிறகு ஓடலாம்" என்று காத்திருப்பவருக்கு அந்த அடையாளம் கிடைக்காமலே போகலாம். 2004இல் கிடைக்கவில்லை.

#3 கோடியக்கரை

அலைமானி சொன்னதற்கு மறுபக்கமும் உண்டு: உள்வாங்கினால் பெரும்பாலும் சுனாமி இல்லை. பாக் நீரிணையில் கடல் ஆழம் குறைவு, சரிவும் மெல்லியது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய வற்றமும் கரையிலிருந்து வீசும் காற்றும் சேர்ந்தால் நீர்விளிம்பு நூறு மீட்டருக்கு மேல் தள்ளிப் போவது சாதாரணம். அது மெதுவாக, மணிக்கணக்கில் நடக்கும். சுனாமியின் பள்ளம் வந்தால் சில நிமிடங்களில் நீர் வடியும், மீன் தரையில் துள்ளும், கட்டியிருந்த படகு தரைதட்டும். வித்தியாசம் வேகத்தில் இருக்கிறது. அந்த வேகத்தில் நீர் போவதைப் பார்த்தால் செய்தி எதற்கும் காத்திருக்கக் கூடாது.

இன்னொரு குழப்பம் 'கள்ளக்கடல்'. கன்னியாகுமரி, கேரளக் கரையில் ஏப்ரல், மே மாதங்களில் இங்கே காற்றே இல்லாதபோது கடல் பொங்கி வீட்டுக்குள் வரும். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் வீசிய புயற்காற்று கிளப்பிய நெடும் அலை அது. ஒரு அலைக்கும் அடுத்ததற்கும் இடையே 15–20 நொடி. சுனாமியில் அந்த இடைவெளி 15 நிமிடம் முதல் ஒரு மணி வரை. அதனால்தான் சுனாமி நீர் அடித்துவிட்டுத் திரும்புவதில்லை, ஆறு பெருக்கெடுத்த மாதிரி நிமிடக்கணக்கில் உள்ளே ஏறிக்கொண்டே இருக்கும்.

#4 உப்பளம்

அருமை. அப்படியானால் எதை நம்பி ஓடுவது? 2012இல் சென்னையில் எல்லா அலுவலகமும் காலியானது, அலையே வரவில்லையே அண்ணே?

#5 அலைமானி

2012 ஏப்ரல் 11, பிற்பகல் 2:08. அளவு 8.6. இரண்டு மணி நேரம் கழித்து 8.2இல் இன்னொன்று. ஆனால் அங்கே தட்டுகள் பக்கவாட்டில் ஒன்றையொன்று உரசி நகர்ந்தன. கடல்தரை மேலே எம்பாவிட்டால் தண்ணீரைத் தூக்க ஆளில்லை. அதனால் நம் கரையில் மானிக்கு மட்டும் தெரிகிற அளவுக்குத்தான் அலை.

அன்று வெளியேறியது வீண் என்று நான் சொல்ல மாட்டேன். நிலநடுக்கத்தின் இடமும் அளவும் சில நிமிடங்களில் தெரிந்துவிடும், தரை மேலே எம்பியதா என்பது உடனே உறுதியாகாது. 2004இல் பசிபிக் எச்சரிக்கை மையத்தின் முதல் கணிப்பே 8.0தான். ஒரு மணி நேரம் கழித்து 8.5 ஆக்கினார்கள். முறிவு நீளமாக இருந்தால் முதல் கணக்கு குறைவாகவே வரும். கடலடியில் இருக்கும் அழுத்தமானி, அலை தன் தலைக்குமேல் போகும்போது ஏறும் சில சென்டிமீட்டர் நீரையும் பதிவு செய்து, மேலே மிதக்கும் மிதவை வழியாகச் செயற்கைக்கோளுக்கு அனுப்பும். அந்தத் தகவல் வந்த பிறகுதான் எச்சரிக்கையை உயர்த்துவதா விலக்குவதா என்று துணிய முடியும். நடுவில் இருக்கும் நேரத்தில் வெளியே நிற்பதுதான் நாம் கொடுக்கும் விலை.

ஐதராபாத்தில் இன்காய்ஸ் (இந்தியக் கடல்சார் தகவல் மையம்) வளாகத்தில் இருக்கும் சுனாமி எச்சரிக்கை மையம் 2007 அக்டோபரிலிருந்து இயங்குகிறது. நிலநடுக்கம் நடந்து சுமார் 10 நிமிடத்தில் முதல் அறிவிப்பு. அதில் மூன்று படி:

எதிர்பார்க்கும் அலை 2 மீட்டருக்கு மேல் என்றால் 'எச்சரிக்கை'. கரையோர மக்கள் முழுதாக வெளியேற வேண்டும்.
அரை மீட்டர் முதல் 2 மீட்டர் என்றால் அடுத்த படி. கடற்கரையிலும் தாழ்ந்த ஓரத்திலும் யாரும் நிற்கக் கூடாது.
அதற்கும் கீழே என்றால் 'கவனிப்பு'. பொதுமக்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

தொலைக்காட்சிகள் மூன்றையும் 'சுனாமி எச்சரிக்கை' என்றே ஓட்டுகின்றன. எந்தப் படி, எந்த மாவட்டத்துக்கு என்று பார்க்கப் பழகினாலே பாதிப் பீதி போய்விடும்.

#6 கோடியக்கரை

> கையில் எவ்வளவு நேரம்?

கணக்கு எளிது. சுனாமியின் வேகம் கடலின் ஆழத்தைப் பொறுத்தது. ஆழத்தை மீட்டரில் எடுத்து 9.8ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் நொடிக்கு எத்தனை மீட்டர் என்று வரும். 4,000 மீட்டர் ஆழத்தில் மணிக்குச் சுமார் 710 கி.மீ. 3,000 மீட்டரில் 620. கரைக்கு அருகே 50 மீட்டர் ஆழத்தில் 80. 10 மீட்டரில் 36. கார் நிக்கோபாரிலிருந்து நாகப்பட்டினம் 1,400 கி.மீ. அளவு. வங்கக் கடலின் ஆழத்துக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் வருகிறது. 2004இல் 6:29க்கு நடுக்கம், 9 மணியை ஒட்டி சென்னை, நாகை. சரியாகப் பொருந்துகிறது.

வேகம் குறையும்போது உயரம் ஏறும். அன்று நடுக்கம் நடந்து இரண்டு மணி நேரத்தில் ஜேசன்-1 செயற்கைக்கோள் வங்கக் கடலுக்கு மேலே போனபோது அளந்த அலை உயரம் சுமார் 60 சென்டிமீட்டர்தான். நடுக்கடலில் இருந்த படகுகளுக்கு ஒன்றும் தெரியாமல் போனது இதனால்தான்.

அந்தக் காலை சென்னையில் லேசான அதிர்வு பலருக்குத் தெரிந்தது. இரண்டரை மணி நேரம் இருந்தது, சொல்ல அமைப்பு இல்லை. இன்று அமைப்பு இருக்கிறது. எனவே நம் கரைக்கு விதி: முதல் 10–15 நிமிடம் அறிவிப்புக்கு, அடுத்த ஒரு மணி வெளியேற, மீதி கையிருப்பு.

அந்தமான், நிக்கோபாரில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே அலை சில நிமிடங்களிலேயே வந்துவிடும். நிற்க முடியாத அளவு தரை ஆடினாலோ, மெல்ல ஆடினாலும் ஒரு நிமிடத்தைத் தாண்டி நீடித்தாலோ, ஆட்டம் அடங்கியதும் மேட்டுக்கு ஓட வேண்டும். சைரனை எதிர்பார்க்கக் கூடாது. சுமத்ராவை ஒட்டிய சிமிலூ தீவில் 1907 அலையின் நினைவைப் பாட்டாகவும் கதையாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள். 2004இல் முறிவுக்கு மிக அருகில் இருந்தும் அந்தத் தீவில் இறந்தவர்கள் ஏழு பேர்தான். ஒரு கருவியும் இல்லாமல்.

#7 மட்டுவாவி

இலங்கையின் கிழக்குக் கரைக்கு உங்களைவிடச் சற்றுக் குறைவான நேரமே கிடைக்கும், ஆனாலும் ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் இருக்கும். மட்டக்களப்பில் பிரச்சினை நேரம் இல்லை, நிலத்தின் அமைப்பு. நாவலடி, கல்லடி, காத்தான்குடி எல்லாம் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. நடுவில் இருப்பது ஒடுங்கிய மணல் திட்டு. "கடலுக்கு எதிர்ப்பக்கம் ஓடு" என்றால் வாவிக்குள் போய் நிற்க வேண்டும். முகத்துவாரத்தால் புகும் நீர் வாவிப் பக்கத்திலிருந்தும் ஏறும்.

இப்படியான இடத்தில் வெளிக்கிடும் பாதையை முன்கூட்டியே நடந்து அளந்து வைக்க வேண்டும். வளர்ந்தவர் நிமிடத்துக்கு 60 மீட்டர் நடப்பார் என்று வையுங்கள், முதியவரும் குழந்தைகளும் சேர்ந்தால் 40. ஒரு கிலோமீட்டருக்கு 25 நிமிடம். பாலத்தை வாகனங்கள் அடைத்துவிட்டால் நடப்பவர்களுக்கும் வழி இல்லை. நடக்க முடிந்தவர் நடக்க வேண்டும், ஓட்டோவும் வானும் நடக்க முடியாதவர்களுக்கு மட்டும். இந்த ஒன்றை ஊர்க்குழு எழுதி வைத்து ஒத்திகை பார்க்காவிட்டால் அன்றைக்கு யாரும் கேட்கப் போவதில்லை.

தொலைபேசிக்கு இங்கே அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117. தமிழ்நாட்டில்?

#8 கோடியக்கரை

மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டம் 1077.

#9 தூண்வேலை

எல்லாக் கையேட்டிலும் "30 மீட்டர் உயரம் அல்லது 3 கி.மீ. உள்ளே" என்று இருக்கும். நாகை, திருவாரூர் டெல்டாவில் 30 மீட்டர் மேட்டை எங்கே தேடுவது? அங்கே உள்ளே போவது ஒன்று, கட்டடத்தின் மேலே ஏறுவது இன்னொன்று. உள்ளே போகிறவர்கள் ஆற்றங்கரை, வாய்க்கால் கரை வழியாகப் போகக் கூடாது. தெருவில் ஒரு கிலோமீட்டருக்குள் நின்றுவிட்ட நீர், ஆற்றின் வழியே அதைவிட உள்ளே போயிருக்கிறது.

கட்டடத்தில் ஏறுவதானால் எது தாங்கும்? ஓடும் நீரின் தள்ளு விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் ஒரு சதுர மீட்டர் சுவரில் சுமார் 800 கிலோ எடைக்குச் சமமான தள்ளல். 3 மீட்டர் வேகத்தில், இடுப்பளவு நீரில் நிற்பவர் மேல் 130 கிலோவுக்கு மேல். நீச்சல் தெரிந்தும் பயன் இல்லாமல் போவது இதனால். கூடவே படகும் மரமும் காரும் மிதந்து வந்து மோதும்.

செங்கல் சுமைச்சுவர் வீடு, மாடி இருந்தாலும், வேண்டாம். கம்பி கட்டிய கான்கிரீட் தூண்–உத்தரச் சட்டக் கட்டடம், குறைந்தது இரண்டாம் மாடி, முடிந்தால் அதற்கும் மேலே. தரைத்தளம் திறந்தவெளியாகத் தூண்கள் மட்டும் இருந்தால் நீர் ஊடே போய்விடும், அது நல்லது. நிலநடுக்கத்துக்கு அதே அமைப்பு பலவீனம் என்பது வேறு வழக்கு, அதனால் தூண்களும் இணைப்புகளும் அதற்கேற்ற வடிவமைப்பில் இருக்க வேண்டும். அடிவாரம் முக்கியம்: மணலில் ஆழமில்லாத அஸ்திவாரம் போட்ட கட்டடத்தின் மூலைகளில் நீர் சுழன்று மண்ணை அரித்துவிடும். சுவர் நிற்கும், அடியில் ஒன்றும் இருக்காது. 2004இல் விழுந்தவற்றில் கணிசமானவை இப்படி விழுந்தவை.

சுற்றுச்சுவர் அலையை நிறுத்தும் என்று யாரும் நம்பாதீர்கள். ஜப்பானில் காமாய்ஷி துறைமுகத்தில் 63 மீட்டர் ஆழத்திலிருந்து எழுப்பிய அலைத்தடுப்பே 2011இல் உடைந்தது.

#10 உப்பளம்

அலையாத்திக் காடுதான் பிச்சாவரத்தைக் காப்பாற்றியது என்கிறார்களே? சுவருக்குப் பதிலாக மரம் நட்டால் போதாதா?

#11 அலைமானி

பாதி உண்மை. பிச்சாவரத்துக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவுதான். ஆனால் அதே ஊர்கள் கடலிலிருந்து தள்ளியும் சற்று மேட்டிலும் இருந்தன. தூரமும் உயரமும் எவ்வளவு, மரம் எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தவர்களுக்கு முதல் இரண்டின் பங்கே பெரிதாகத் தெரிந்தது. சுமத்ராவின் வடமுனையில் உள்ள ஆச்சேயில் வந்த அளவு அலை மரங்களை வேரோடு பிடுங்கி அவற்றையே மோதும் கட்டைகளாக மாற்றியது. நூற்றுக்கணக்கான மீட்டர் அகலமுள்ள அடர்ந்த காடு, நடுத்தர அலை என்றால் பலன் உண்டு. இரண்டு வரிசைச் சவுக்கு நட்டுவிட்டுப் பாதுகாப்பு அரண் என்று பலகை வைப்பது ஏமாற்று வேலை.

மணல்மேடு விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. இலங்கையில் யால பக்கம் கடல் தெரிய வேண்டும் என்று முன்னால் இருந்த மணல்மேட்டைக் குறைத்த ஒரு விடுதி முழுதும் அழிந்தது. பவளப்பாறையும் அப்படித்தான். ஹிக்கடுவையில் பாறை காக்கப்பட்ட இடத்தில் நீர் 50 மீட்டர் அளவுக்கே உள்ளே வந்தது. அங்கிருந்து 3 கி.மீ. வடக்கே, சுண்ணாம்புக்காகப் பாறை வெட்டப்பட்ட பெரலிய பகுதியில் ஒன்றரை கிலோமீட்டர் வந்தது. அலையில் சிக்கிய ரயிலோடு 1,700 பேருக்கு மேல் போனது அங்கேதான். மேட்டில் படகு இறக்க வெட்டும் ஒவ்வொரு வழியும் நீருக்கும் வழி. வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் நேராக வெட்டாமல் சாய்வாக வெட்டுங்கள்.

#12 கோடியக்கரை

படகு பற்றி யாரும் சொல்லவில்லை.

எச்சரிக்கை வரும்போது படகு கடலில் இருந்தால் கரைக்குத் திரும்பக் கூடாது. 100 மீட்டர் ஆழம், அதாவது 55 பாகம் தாண்டி வெளியே போய் நிற்க வேண்டும். படகு கரையிலோ ஆற்றுவாயிலோ இருந்தால் விட்டுவிட வேண்டும். வலை, எஞ்சின் எடுக்கப் போவதும் கூடாது. காரணம் கணக்குதான்: மணிக்கு 12 கி.மீ. ஓடும் ஃபைபர் படகு ஒரு மணியில் 12 கி.மீ.தான் போகும், அந்தத் தூரத்தில் நம் கரையில் பெரும்பாலும் இன்னும் ஆழம் குறைவு. எரிபொருள், குடிநீர், வயர்லெஸ் தயாராக இருக்கும் விசைப்படகுக்கு, அதுவும் இரண்டு மணி நேரம் முழுதாகக் கையில் இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

திரும்புவது எப்போது? முதல் அலை முடிந்ததும் அல்ல. இரண்டாவதோ மூன்றாவதோ பெரிதாக இருக்கலாம். அலை ஓய்ந்த பிறகும் ஆற்றுவாயில் நீரோட்டம் மணிக்கணக்கில் முன்னும் பின்னும் இழுக்கும், அதில்தான் படகுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். கட்டுப்பாட்டு அறை "ஆபத்து நீங்கியது" என்று சொல்ல வேண்டும். கடல் அமைதியாகத் தெரிகிறது என்பது கணக்கில் வராது.

#13 மட்டுவாவி

பிறகு வரும் பாதிப்புகளில் கிணறும் வயலும் கூடுதலாகக் கவனிக்கப்பட வேண்டியவை. 2004க்குப் பிறகு இங்கே பல்லாயிரம் கிணறுகளில் உப்பு ஏறியது. உதவ வந்தவர்கள் இயந்திரம் வைத்துத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். பல கிணறுகளில் அது நிலைமையை மோசமாக்கியது. மணல் கரையில் நன்னீர், உப்புநீருக்கு மேலே ஒரு படலமாக மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் என்றால் கீழே சுமார் 40 மீட்டர் நன்னீர் என்பது பொதுக் கணக்கு. அதன்படி நன்னீர் மட்டத்தை 10 சென்டிமீட்டர் இறக்கி அப்படியே வைத்திருந்தால் கீழேயுள்ள உப்புநீர் 4 மீட்டர் வரை மேலெழும்.

எனவே: குப்பையையும் சேற்றையும் எடுங்கள். ஒரு முறை மெதுவாக இறையுங்கள், இறைத்த நீரைக் கிணற்றடியில் கொட்டாமல் தூரமாக விடுங்கள். மின்கடத்துதிறன் மானியால் அளவுங்கள். கடல்நீர் 50,000 மைக்ரோசீமென்ஸ் அளவு, நல்ல குடிநீர்க் கிணறு 1,000ஐ ஒட்டி இருக்கும். குறையவில்லை என்றால் இறைப்பதை நிறுத்தி மழைக்கு விடுங்கள். அதுவரை குடிக்க வெளிநீர்தான்.

பிளீச்சிங் பவுடர் கிருமிக்கு, உப்புக்கு அல்ல. வழக்கமான அளவு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம், குளோரின் 33 சதவீதம் உள்ள புதுத் தூள். இரண்டு மீட்டர் விட்டமும் இரண்டு மீட்டர் நீரும் உள்ள கிணறு சுமார் 6,300 லிட்டர், ஆக 16 கிராம். வாளியில் கரைத்துத் தெளியவிட்டுத் தெளிநீரை மட்டும் ஊற்ற வேண்டும். ஒரு மணித்தியாலம் கழித்து மீதிக் குளோரின் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளம் புகுந்த கிணற்றில் நீர் கலங்கி இருந்தால் முதல் அளவு போதாது, மீதிக் குளோரின் நிற்கும்வரை கூட்ட வேண்டும். திறந்து வைத்து ஈரம் ஏறிய பழைய தூளில் வீரியம் இருக்காது.

#14 உப்பளம்

வயலுக்கு ஜிப்சம் போடச் சொல்கிறார்களே, அது உடனேயா?

#15 கோடியக்கரை

உடனே அல்ல. கடல் விட்டுப்போன சேற்றுப் படிவை முதலில் வழித்து அகற்ற வேண்டும். அதை உழுது மண்ணோடு கலந்தால் உப்பை நாமே கீழே இறக்கியதாக ஆகும். பிறகு வரப்பு கட்டி, நல்ல நீரைத் தேக்கி, வடிகாலில் வெளியேற்ற வேண்டும். வடிகால் அடைத்திருந்தால் எத்தனை முறை தேக்கினாலும் உப்பு அங்கேயே இருக்கும், அதனால் வாய்க்காலைத் தூர்வாருவது நீர் கட்டுவதற்கு முன் நடக்க வேண்டிய வேலை.

ஜிப்சம் சோடியம் பிடித்து இறுகிய மண்ணுக்கு. மண் பரிசோதனையில் கார அமிலநிலையும் சோடியத்தின் பங்கும் பார்த்துவிட்டுத்தான் எத்தனை மூட்டை என்று முடிவு. வெறும் உப்பு மட்டும் ஏறியிருந்தால் நீரும் மழையுமே போதும். அதன்பின் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து 45 நாளில் மடக்கி உழுது, உப்பு தாங்கும் திருச்சி 1 போன்ற நெல் ரகம் போடலாம். மின்கடத்துதிறன் 4 டெசிசீமென்ஸுக்குக் கீழே வந்த பிறகுதான் வழக்கமான ரகம்.

நிக்கோபார் நிலை வேறு. அதன் தென்கோடியான இந்திரா முனை 2004இல் 4 மீட்டருக்கு மேல் தாழ்ந்துவிட்டது, கலங்கரை விளக்கின் அடி கடலுக்குள் போய்விட்டது. அங்கே போன தென்னந்தோப்பைக் கழுவி மீட்க நிலமே இல்லை.